இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

ஜும்ஆத் தொழுகை முடிந்து இமாம் ஸலாம் கொடுத்ததும் பின் ஸஃப்பிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். முத்தவல்லியின் அனுமதியோடு இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு வாசலில் துண்டு விரிக்கப்படும். செங்கற்பட்டிலும், திருக்கழுக்குன்றத்திலும், கோவளம், புதுப்பட்டினம் முதலிய கடற்கரை மஹல்லாக்களிலும் இந்தக் காட்சியைக் காணாத ஜமாஅத்தார் இருக்க முடியாது.

சென்ற ஆண்டு அப்படி எழுந்து நின்றவர்களில் ஒருவரை நாம் சற்றும் எதிர்பார்க்கவில்லை. மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிச் சாமான் கடை வைத்திருப்பவர். பிறருக்காகத் துண்டு விரிக்கப்படும்போது முதலில் பையில் கைவிடுகிறவர் அவர். நெஞ்சுவலி வந்து சென்னையில் சிகிச்சை செய்து கொண்டார். இரண்டு ஆண்டுகளாக மருத்துவ இன்ஷூரன்ஸுக்குத் தவறாமல் பணம் கட்டியும் வந்திருக்கிறார். ஆனால் கம்பெனி ஒரு பைசாவும் தர மறுத்து விட்டது. ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததை மனுவில் மறைத்து விட்டார் என்பது அவர்கள் கூறிய காரணம்.

“நான் மறைக்கவில்லை ஹஜ்ரத்! ஏஜெண்டுத் தம்பி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘சர்க்கரை எல்லாம் எழுத வேண்டாம் பாய், பிரீமியம் ஏறிப் போகும்’ என்றார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது” என்றார் நம்மிடம்.

அவருடைய பத்திரத்தை நாம் வாங்கி, ஆங்கிலம் அறிந்த ஒரு சகோதரரை உடன் வைத்துக் கொண்டு, இரண்டு இரவுகள் படித்தோம். மதரஸாவில் முதவ்வலான கிதாபுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய வேலையல்ல. ஷர்த்துகளும், அவற்றிலிருந்து விலக்குகளும், அந்த விலக்குகளுக்கு விலக்குகளும்தான் அங்கேயும். ஆனால் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் ஒருவர் இதைத் தானே புரிந்து கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதற்குப் பின் எத்தனையோ பேர் இரண்டு மூன்று கம்பெனிகளின் நோட்டீஸுகளைக் கொண்டு வந்து “எது நல்லது ஹஜ்ரத்?” என்று கேட்டு விட்டார்கள். ஆகவே நாம் அறிந்து கொண்டதை ஒரு பாடமாக இங்கே எழுதுகிறோம்.

மார்க்கம் பற்றிய கேள்வி

“இன்ஷூரன்ஸே கூடுமா?” என்றுதான் வாசகர்கள் முதலில் கேட்பார்கள். ஹனஃபீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) ஹிஜ்ரி 1252இல் மறைந்தவர். அவர் காலத்திலேயே கப்பல் வியாபாரிகளின் இன்ஷூரன்ஸ் பற்றி அவரிடம் கேட்கப்பட்டது. அதை அவர் கூடாது என்றே எழுதினார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும், குறிப்பிட்ட பிரீமியம் வாங்கி வியாபாரமாக நடத்தும் இன்ஷூரன்ஸில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மை பெரிய அளவில் உண்டு என்று கூறித் தடுத்தது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை மட்டும் அனுமதித்தது. சிரியாவைச் சேர்ந்த அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற சிலர் இதற்கு மாறான கருத்துக் கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டுறவு முறைக்கு நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தால் அனைவரிடமும் உள்ளதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள் என்றும், அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. தகாஃபுல் என்ற பெயரில் 1979இல் சூடானில் இதற்கு ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. மலேசியாவில் 1984இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். இந்தியாவில் அத்தகைய உரிமம் பெற்ற கம்பெனி இல்லை.

எனவே விலைக்கு வாங்கும் பாலிஸி விஷயத்தில் அவரவர் நம்பும் ஆலிமிடம் தம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளட்டும். நாம் இங்கு ஃபத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் “தவக்குல் போதும், இதெல்லாம் எதற்கு?” என்று சொல்வோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்யோசனை செய்வது தவக்குலுக்கு முரண் என்று கூறுவோர், அதே செலவுக்காக வட்டிக் கடையில் நகையை வைக்கும்போது வாய் திறப்பதில்லை.

முதலில் கையிலிருப்பதைப் பாருங்கள்

பணம் கட்டிப் பாலிஸி வாங்கும் முன், பணம் கட்டாமலேயே தங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பலர் விசாரிப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே 1 லட்ச ரூபாய்தான். 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் ஆண்டுக்கு 1 லட்சம் என்றாகியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, பின்னர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று உயர்ந்தது. குடும்ப வருமான வரம்பும் 2022இல் ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்பு “உங்களுக்கு வருமானம் அதிகம்” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் மறுபடி போய்க் கேட்கவே இல்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இத்திட்டத்துக்குப் பிரீமியம் கட்டுவது அரசாங்கம். நாம் எதையும் கொடுத்து வாங்கவில்லை என்பதால், மேலே சொன்ன மார்க்கச் சிக்கல் குடும்பத்தாரைத் தொடுவதாக நமக்குத் தோன்றவில்லை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக் கொண்டு, கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமான பின் இதற்குக் காஞ்சிபுரம் வரை பஸ் ஏறும் அலைச்சலும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்குச் சிகிச்சை இல்லை என்பதை மறக்கலாகாது. நிக்காஹ் முடிந்து வந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டுக் கார்டிலேயே இருக்கும்; அவளுக்குப் பிரசவத்துக்குப் பின் ஒரு கோளாறு வரும்போதுதான் அது நினைவுக்கு வரும். நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே மனிதர் ஒரு கார்டில் முஹம்மது, இன்னொன்றில் முகமது, மூன்றாவதில் மொகமத் என்று இருப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கொண்டு இதைத் திருத்த முடியாது.

இந்தத் திட்டம் எல்லா வியாதிக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், படுக்கையில் சேர்ந்து செய்து கொள்வதற்கு மட்டுமே. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் காட்டும் செலவு இதில் வராது. ஆனால் அதற்குத்தான் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறதே!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் விபத்துகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த ஊராரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்ச ரூபாய் வரை என்று வைத்தார்கள். இதற்குக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமான வரம்பும் கிடையாது.

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். அதில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அவரும் அவர் குடும்பமும் அதில் சேர்ந்தவர்கள். இதற்கான மாதச் சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதற்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு அனேகமாகக் கம்பெனியே குழு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கும். பழைய வியாதிகளையும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே ஏற்கும் நல்ல பாதுகாப்பு அது. ஆனால் வேலையை விட்ட நாளோடு அது முடிந்து போகும். அதை மட்டும் நம்பி ஐம்பது வயது வரை இருந்துவிட்டுப் பிறகு தனிப் பாலிஸி தேடுகிறவர்களின் கஷ்டம் பெரிது. வளைகுடாவில் இருப்பவருக்கு அங்கே முதலாளி எடுத்த இன்ஷூரன்ஸ் அங்கேதான் செல்லும். ஊரிலுள்ள அத்தா, அம்மாவுக்கு அது உதவாது.

இரண்டு நோட்டீஸுகளை எப்படி ஒப்பிடுவது?

இவ்வளவும் பார்த்த பின் தனிப் பாலிஸி வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், இரண்டு மூன்று கம்பெனிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பார்ப்பது இரண்டே எண்களை: எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை லட்சம் கிடைக்கும். ஆனால் வித்தியாசமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு வெளியேதான் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? 2020 ஏப்ரல் முதல், மருத்துவ இன்ஷூரன்ஸ் நடத்தும் கம்பெனிகள் யாவும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற ஒரே மாதிரிப் பாலிஸியை விற்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. ஷர்த்துகள் எல்லாக் கம்பெனிகளிலும் ஒன்றே. பிரீமியம் மட்டும் வேறுபடும். இதன்படி ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு 5 ரூபாய் நாம் கொடுக்க வேண்டும். அறை வாடகை காப்புத் தொகையில் நூற்றுக்கு 2 வீதம், ஆனால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நூற்றுக்கு 5 வீதம், 10,000க்கு மேற்படாது. கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்புத் தொகையில் கால் பங்கு, இவற்றில் எது குறைவோ அது. இது சிறந்த பாலிஸி என்று நாம் சொல்லவில்லை. வேறொரு பாலிஸியை ஏஜெண்டு புகழும்போது “ஆரோக்கிய சஞ்சீவனியை விட இதில் எது கூடுதல், எது குறைவு?” என்று கேட்க இது உதவும். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஏஜெண்டிடம் வாங்க வேண்டாம்.

அறை வாடகை என்று சொன்னோம். எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். ஆகவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஒருவர் 3 லட்ச ரூபாய்க்குப் பாலிஸி வைத்திருக்கிறார். அதில் அறை வாடகை நூற்றுக்கு 1 வீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். ஆபரேஷனுக்காக நாளுக்கு 6,000 ரூபாய் வாடகை அறையில் 4 நாள் தங்குகிறார். வாடகை 24,000; டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் முதலிய கட்டணம் 1,20,000; மருந்தும் பரிசோதனைகளும் 40,000. மொத்தம் 1,84,000 ரூபாய். “3 லட்சத்துக்குள்தானே இருக்கிறது? கூடுதல் வாடகை 12,000 மட்டும் நான் கட்டினால் போதும்” என்று அவர் நினைப்பார். ஆனால் நடப்பது வேறு. அனுமதித்ததைப் போல் இரு மடங்கு வாடகை அறையில் தங்கியதால், அந்த அறையை ஒட்டிய டாக்டர், தியேட்டர் கட்டணங்களிலும் பாதியைத்தான் கம்பெனி தரும். வாடகையில் 12,000, கட்டணத்தில் 60,000, மருந்து பரிசோதனை 40,000 - ஆக 1,12,000 ரூபாய் கிடைக்கும். 12,000 என்று எண்ணியிருந்தவர் 72,000 கட்ட வேண்டும்! அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரிகளில் இப்படி வெட்டக் கூடாது, மருந்திலும் பரிசோதனையிலும் வெட்டக் கூடாது என்பதெல்லாம் ஆணையத்தின் விதி. ஆனாலும் தியேட்டர் கட்டணம்தானே பில்லின் பெரும் பகுதி? ஆகவே அறை வாடகை வரம்பே இல்லாத பாலிஸி, பிரீமியம் சற்றுக் கூடினாலும், பல சமயம் மலிவானது. வரம்புள்ள பாலிஸிதான் கையில் இருக்கிறது என்றால், பார்க்க வரும் உறவினர்கள் உட்கார இடம் வேண்டும் என்று பெரிய அறை கேட்காதீர்கள்.

அடுத்து, காத்திருக்கும் காலம். பாலிஸி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் கிடையாது. குடலிறக்கம், மூலம், கண்புரை, கற்கள் போன்ற ஒரு பட்டியல் வியாதிகளுக்கு அனேகமாக இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்குக் கம்பெனி வைக்கும் காலம் 2024 ஏப்ரலுக்கு முன் நான்கு ஆண்டுகள் வரை இருந்தது. இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்குள்ளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு நம் மஹல்லாக்களில் அரிது. ஆதலால் மூன்று ஆண்டு கேட்கும் பாலிஸியை விட ஓராண்டு கேட்கும் பாலிஸி, ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலானாலும், நமக்கு ஏற்றது. இதையெல்லாம் நோய் வந்த பின் யோசிப்பதில் பலன் ஒன்றும் இல்லை.

குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகை வைக்கும் பாலிஸியில் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்தே பெரும்பாலும் கணக்கிடப்படும். கணவன், மனைவி, இரு பிள்ளைகளோடு 68 வயது அம்மாவையும் அதில் சேர்த்தால் எல்லாருக்குமாகப் பணம் ஏறும். அம்மா ஒரு முறை படுத்தால் அந்த ஆண்டுத் தொகை முழுதும் தீர்ந்தும் போகலாம். அம்மாவுக்குத் தனியாக எடுப்பதே நல்லது. அதில் ‘உடன் செலுத்தல்’ என்று நூற்றுக்கு 20, 30 வீதம் நம் தலையில் வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முதியோர் பாலிஸிகளில் இது சாதாரணம்.

பிரசவச் செலவு பல பாலிஸிகளில் இல்லை. உள்ளவற்றிலும் காத்திருக்கும் காலம் உண்டு. ஆகவே மகளுக்கு மாதம் ஏறிய பின் அதற்கென்று பாலிஸி தேடுவது வீண். ஹஜ், உம்ராவுக்குப் போன இடத்தில் நோய் வந்தால் சாதாரணப் பாலிஸி செல்லாது. தொகை தீர்ந்தால் மறுபடி நிரப்புவது, பணம் கேட்காத ஆண்டுக்குப் போனஸ் என்பவை நல்லவைதாம். ஆனால் ஏஜெண்டுகள் முதலில் காட்டுவது இவற்றையே. அறை வாடகை, காத்திருக்கும் காலம் இரண்டையும் தெளிந்து கொண்ட பின் இவற்றைப் பார்க்கலாம்.

ஆஸ்பத்திரிப் பட்டியலை வாங்கிப் பார்ப்பது மிக முக்கியம். “தென்னிந்தியா முழுதும் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிகள்” என்பதால் நமக்கென்ன? மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுநிசியில் நெஞ்சுவலி வந்தால் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ எங்கே போகும்? செங்கற்பட்டுக்கா, கேளம்பாக்கத்துக்கா? அந்த இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் ரொக்கமில்லாமல் சிகிச்சை நடக்கும். அனுமதி கேட்டு ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இல் ஆணையம் விதித்திருக்கிறது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால், அனேகமாக நாம் கட்டிவிட்டுப் பிறகு பில்லை அனுப்பி வாங்க வேண்டும். அதற்குள் நகை அடகுக் கடைக்குப் போய்விடும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிஸிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. பழைய நோட்டீஸில் நூற்றுக்கு 18 வரி சேர்த்துப் போட்ட தொகையைக் காட்டினால் ஏமாற வேண்டாம்.

மனுவில் உண்மை

ஒரு நாள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் விற்பவர். அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்து, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். இதை வியாபாரிகளுக்கு எத்தனையோ முறை பயான் செய்கிறோம். இன்ஷூரன்ஸ் மனுவில் நம் உடம்பே அந்தக் குவியல் என்பதை நாம் யோசிப்பதில்லை. “கம்பெனிக்காரன் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறான், அவனிடம் ஒரு பொய் சொன்னால் என்ன?” என்று ஒருவர் நம்மிடமே கேட்டார். எதிரில் இருப்பவன் பணக்காரன் என்பதால் பொய் ஹலாலாகி விடாது. அதோடு, இந்தப் பொய்யால் கம்பெனிக்கு நஷ்டமும் இல்லை. ஆண்டுதோறும் பிரீமியத்தை வாங்கிக் கொண்டு, கேட்கும் நாளில் பழைய சீட்டைக் காட்டி மறுத்து விடுவார்கள். நஷ்டம் பொய் சொன்னவரின் பிள்ளைகளுக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் “சர்க்கரை எத்தனை வருஷமாக?” என்று கேட்பார். “ஆறு வருஷமாக” என்று மனைவி உள்ளதைச் சொல்வார். அது கேஸ் தாளில் ஏறி விடும். அவ்வளவுதான்.

தொடர்ந்து 60 மாதங்கள் விடாமல் பிரீமியம் கட்டிவிட்டால், அதன் பின் மறைத்தார் என்று கூறிக் கம்பெனி மறுக்க முடியாது. வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிரூபித்தாலொழிய. இதை வைத்துக் கொண்டு “ஐந்து வருஷம் தாண்டினால் போதும் பாய்” என்று சொல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. நம் கடைக்காரருக்கு நோய் ஐந்து வருஷம் காத்திருக்கவில்லை.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், காத்திருக்கும் காலம் வரலாம், சில சமயம் கம்பெனி வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் இன்னொரு கம்பெனியைக் கேட்கலாம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதச் சொல்ல இயலாதவனுக்காக அவனுடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லி எழுத வைக்கட்டும் என்று அதில் வருகிறது. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் மனைவிக்கும் மனு நிரப்பும் ஆண்பிள்ளைகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெண்களிடம் கேளாமலேயே எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று கோடு போடுகிறார்கள். கர்ப்பப்பைக் கட்டியோ, மார்பில் வலியோ, அவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது எத்தனையோ. தனியே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிஸியோடும் அதன் முக்கிய ஷர்த்துகளைச் சுருக்கிய தகவல் தாள் ஒன்றைக் கம்பெனி தர வேண்டும். கேட்டால் அதை நம் மொழியிலும் தர வேண்டும். ஆகவே தமிழில் கேளுங்கள். பாலிஸி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்கள் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு. பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தை வாங்கிக் கொள்ளலாம். அந்த 30 நாட்களில் மனுவின் நகலையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அப்போதே கடிதம் எழுதித் திருத்துங்கள்.

மறுத்து விட்டால்

மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பின் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர்களும் மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அவர் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும். அறை வாடகையில் அநியாயமாக வெட்டியது, பழைய வியாதி என்று ஆதாரமின்றிச் சொன்னது போன்றவற்றுக்கு இந்த வாசலைத் தட்டத் தயங்க வேண்டாம்.

நம் கடைக்காரரும் இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பலனில்லை, கையெழுத்து அவருடையது. மகளுக்காகச் சேர்த்த நகையில் பாதி போயிற்று, மீதிக் கடனை ஜமாஅத்தார் அடைத்தார்கள். சென்ற மாதம் தம் மனைவிக்கான புதிய மனுவோடு நம் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக நாம் தமிழில் சொல்ல, உள்ளே நம் வீட்டாரோடு இருந்த அவர் மனைவியிடம் போய்க் கேட்டுக் கேட்டு வந்து பதில் சொன்னார். நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்து அவரே எழுதினார். பிரீமியம் சற்றுக் கூடும் என்று கம்பெனி எழுதியிருக்கிறதாம். கட்டி விட்டேன் என்றார்.